பேரரசியின் உண்டியல்

மதுக்கூடத்தில் கைதான ஒருவரை விடிவதற்குள் வெளியே கொண்டுவர எவ்வளவு செலவாகும்? 1950களின் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பார்களை நடத்தியவர்களும் அங்கே வந்துபோனவர்களும் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஜாமீன்காரருக்கு ஒரு தொகை, வக்கீலுக்கு ஒரு தொகை, அபராதம் தனி. மறுநாள் நாளேட்டில் பெயரும் முகவரியும் வந்துவிட்டால் வேலை போகும், வாடகை வீடு போகும்.

இன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் கிளைகள் வைத்து, ஆண்டுதோறும் ஒருவருக்குக் கிரீடம் சூட்டி, பட்டும் போலி வைரமும் மின்ன அறப்பணிக்குப் பணம் திரட்டுகிறது 'இம்பீரியல் கோர்ட்' என்னும் அமைப்பு. தமிழில் பேரரசவை என்று சொல்லலாம். அதைத் தொடங்கியவர் ஹோசே சாரியா என்ற டிராக் கலைஞர், அதாவது பெண்வேடமிட்டு மேடையேறுபவர். அவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் முதலில் கலை வாழ்க்கையைச் சொல்லி, பிறகு "இத்துடன் அவர் அறப்பணிகளிலும் ஈடுபட்டார்" என்று ஒரு வரி சேர்த்து முடித்துக்கொள்கின்றன. எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடில்லை. அவருடைய மேடையும் உண்டியலும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். அந்த உண்டியலில் முதலில் விழுந்தது ஜாமீன் பணம்.

சாரியா 1922 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தாய் கொலம்பியாவிலிருந்து வந்தவர், வசதியான வீடொன்றில் வேலை பார்த்தார். தந்தை நிகராகுவா வழிவந்தவர். மகனை வளர்ப்பதில் அவருக்குப் பங்கில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, ஐந்தடியைத் தொடாத உயரத்தோடு, எப்படியோ சாரியா ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். சமையல் கைவந்தவர் என்பதால் ஜெர்மனியில் அதிகாரிகளுக்குச் சமைத்துப்போட்டார். 1947-இல் ஸ்டாஃப் சார்ஜென்ட்டாக ஊர் திரும்பினார். ஆசிரியராவதே அவர் போட்டிருந்த திட்டம். அதற்காகக் கல்லூரியிலும் சேர்ந்தார்.

ஊரின் பெரிய விடுதிகளில் ஒன்றான செயின்ட் பிரான்சிஸின் கழிப்பறையில் போலீஸ் அவரை ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டில் கைதுசெய்தது. நீதிமன்றம் தண்டித்தது. அந்த வகைத் தண்டனை பெற்றவருக்கு அன்றைய கலிபோர்னியாவில் ஆசிரியர் உரிமம் கிடையாது. கலைத் தாகம் உந்தி மேடையேறியவராக அவரைக் காட்டும் எழுத்துகளில் இந்த இடம் மங்கலாகிவிடுகிறது. கௌரவமான வேலைகளின் கதவு சாத்தப்பட்டபின், ஏற்கெனவே வாடிக்கையாளராக இருந்த ஒரு பாரில் தட்டு ஏந்தினார் என்பதுதான் நடந்தது.

மாண்ட்கோமரி தெரு 710-ஆம் எண்ணில் இருந்த அந்தப் பாரின் பெயர் பிளாக் கேட். எழுத்தாளர்களும் ஓவியர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் கலந்து உட்கார்ந்த இடம். உரிமையாளர் சால் ஸ்டௌமன் தன்பாலீர்ப்பாளர் அல்லர். ஆனால் வாடிக்கையாளர்களை விட்டுக்கொடுக்காதவர். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடம் என்பதற்காக அதிகாரிகள் மது உரிமத்தை முடக்கியபோது அவர் வழக்குப் போட்டார். அப்படிப்பட்டவர்கள் வந்து குடிக்கிறார்கள் என்பது மட்டுமே உரிமத்தைப் பறிக்கப் போதாது, அங்கே சட்டவிரோதமாக ஏதாவது நடந்ததென்று நிரூபிக்க வேண்டும் என்று 1951-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர் உரிமை வரலாற்றில் இது முன்னோடித் தீர்ப்பு. நான்கே ஆண்டுகளில் மாநில அரசு மதுக் கட்டுப்பாட்டுக்கெனத் தனித்துறை அமைத்து, சட்டத்தையும் திருத்தி, அந்தத் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியது.

தட்டேந்தியபடியே சாரியா பாட ஆரம்பித்தார். பியானோக்காரர் ஆபெரா மெட்டு ஒன்றைத் தொட்டால் இவர் மேசைகளுக்கு நடுவே உயர்ந்த குரலில் பிடித்துக்கொள்வார். கூட்டம் கூடவே, அதுவே நிகழ்ச்சியாயிற்று. ஞாயிறு பிற்பகல்களில் முழு ஆபெராவையும் தன் போக்கில் திருப்பிப்போட்டு, எல்லாப் பாத்திரங்களையும் தானே ஏற்று நடித்தார். மிகவும் பேர்பெற்றது 'கார்மென்'. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் நடக்கும் கதையை அவர் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்துக்கு இழுத்துவந்தார். அவருடைய கார்மென் ஒழுக்கப்பிரிவுப் போலீசிடமிருந்து தப்பிக்கச் செடிகொடிகளுக்குள் பதுங்குவாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அதே சதுக்கத்தில் அப்படிப் பதுங்கியிருப்பார்கள் என்பதை யோசித்தால் அந்தச் சிரிப்பின் கனம் விளங்கும்.

நம் நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் நடிகருக்குப் பெண்ணாகவே தோன்றுவதுதான் வெற்றி. சாரியாவின் வழி வேறு. சிவப்புக் குதிகால் செருப்பும் காதணியும் போட்டிருந்தாலும், தான் ஓர் ஆண் என்பதைப் பார்ப்பவர் மறக்க அவர் விட்டதில்லை. வேடத்துக்கு நடுவே அன்றைய நாளேட்டை எடுத்துப் படித்து விமர்சிப்பார். எந்தப் பூங்காவில் போலீஸ் கண்ணி வைத்திருக்கிறது, யார் சாதாரண உடையில் வந்திருக்கும் காவலர் என்று மேடையிலிருந்தே சொல்லுவார். நாம் ஒன்றாக நிற்காவிட்டால் நம்மை ஒவ்வொருவராகப் பிடித்துப்போவார்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சேதி. பார் மூடும் நேரத்தில் எல்லாரையும் எழுந்து கைகோத்து நிற்கச்சொல்லி, பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டில் தாங்களே ராணிகள், தங்களைக் கடவுள் காக்கட்டும் என்ற பொருளில் ஒரு கேலிப்பாட்டைப் பாடவைப்பார். சில இரவுகளில் கூட்டம் தெருவுக்கு இறங்கி, பக்கத்துச் சிறையில் அடைபட்டிருந்தவர்கள் காதில் விழும்படி அதைப் பாடியதுண்டு.

கேலியை அவர் சட்டத்துக்குள்ளும் கொண்டுபோனார். தன் பாலுக்குரியதல்லாத உடையில் பொது இடத்தில் தோன்றுவதை சான் பிரான்சிஸ்கோ 1863-இலேயே குற்றமாக்கியிருந்தது. மாறுவேடப் பண்டிகையான ஹாலோவீன் இரவில் மட்டும் போலீஸ் கண்டும் காணாமல் இருக்கும். நள்ளிரவு அடித்தவுடன் பெண்ணுடையில் இருப்பவர்களை வண்டியில் ஏற்றும். ஏமாற்றும் நோக்கத்தோடு வேடமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சாரியா கறுப்புப் பூனைத் தலை வடிவில் சிறு சீட்டுகள் செய்து, 'நான் ஒரு பையன்' என்று எழுதி, வேடமிட்டவர்களின் உடையில் குத்தச் சொன்னார். ஆண் என்று எழுதி ஒட்டிக்கொண்டு நிற்பவர் யாரை ஏமாற்றுகிறார்? வழக்குகள் நிற்கவில்லை.

சாதாரணக் கைதுகளுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு ஓசைப்படாமல் நழுவுவதுதான் அன்றைய வழக்கம். போலீசின் பலமே அந்த வெட்கம்தான். சாரியாவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், ஜூரி விசாரணை கேளுங்கள் என்றார். கேட்டார்கள். வழக்குகள் நீதிமன்றத்தில் குவிந்தன. ஆதாரம் எங்கே என்று நீதிபதிகள் கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் ஜூரி விசாரணைக்கு வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். சீட்டு குத்தினால் செலவில்லை. வழக்காட உண்டியல் வேண்டும். அவருடைய அறப்பணி தொடங்குவது இங்கேதான். அப்போது அதற்கு அறப்பணி என்று யாரும் பேர் வைக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் அவர் 'லீக் ஃபார் சிவில் எஜுகேஷன்' என்ற அமைப்பை இன்னொருவரோடு சேர்ந்து நிறுவினார். போலீஸ் சோதனைகளில் சிக்கி வாழ்க்கை குலைந்தவர்களுக்கு அது துணைநின்றது. 1961-இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபைத் தேர்தலில் நின்றார். வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளர் என்று அறியப்பட்ட ஒருவர் அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்டது அதுவே முதல் முறை. வேட்புமனுவில் கையெழுத்திட ஆள் பிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாயிருந்தது. பாரில் கைதட்டியவர்கள் காகிதத்தில் பெயர் எழுத அஞ்சினார்கள். மனுத்தாக்கலின் கடைசி நாளில்தான், காலியான ஐந்து இடங்களுக்குப் போதிய போட்டி இல்லாததால் சாரியா வென்றுவிடக்கூடும் என்று அதிகாரிகளுக்கு உறைத்ததாகச் சொல்லப்படுகிறது. அன்று மாலைக்குள் முப்பதுக்கும் மேற்பட்டோர் களத்தில் இருந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கி ஒன்பதாவதாக வந்தார். தோல்விதான். ஆனால் இந்த ஊரில் இத்தனை ஆயிரம் பேர் என்று முதல் தடவையாக ஒரு எண் கிடைத்தது. அடுத்த தேர்தல்களில் வேட்பாளர்கள் அந்த வாக்குகளைத் தேடிப் பார்களுக்கு வர ஆரம்பித்தார்கள். பதினாறு ஆண்டு கழித்து, வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான ஹார்வி மில்க் அதே சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குச் சாரியாவின் ஆதரவு இருந்தது.

தேர்தலுக்கு அடுத்த ஆண்டு பார் உரிமையாளர்களும் ஊழியர்களும் சேர்ந்து 'டேவர்ன் கில்ட்' என்ற சங்கம் கண்டார்கள். அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர் வணிகர்களின் முதல் சங்கம் அது. பாரிலோ பாருக்கு அருகிலோ கைதாகிறவருக்குச் சங்கத்தின் செலவில் வக்கீலும் ஜாமீன்காரரும் வருவார்கள். இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? ஏலம், விருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக வேடமிட்டு ஆடும் நடனவிழா. வேடத்துக்காகக் கைதாகிறவர்களைக் காக்க, வேடமிட்டே பணம் சேர்த்தார்கள்.

அந்த விழாக்களும் ஆபத்தில்லாதவை அல்ல. 1965 புத்தாண்டு இரவில் போல்க் தெருவின் கலிபோர்னியா ஹாலில், மத குருமார்கள் சிலரும் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளும் சேர்ந்து ஒரு நிதிதிரட்டு நடனத்தை நடத்தினார்கள். போலீஸ் வாசலில் விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சி, உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லாரையும் படம்பிடித்தது. தடுத்துக் கேட்ட வக்கீல்களைக் கைதுசெய்தது. நேரில் பார்த்த பாதிரியார்கள் மறுநாள் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் போலீசைக் கண்டித்தார்கள்; வழக்கும் தள்ளுபடியாயிற்று. நகரத்தின் பொதுக்கருத்து திரும்பிய தருணமாக அதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். நன்கொடைச் சீட்டு வாங்கியவர் முகத்தைக் காவல்துறை கோப்பில் சேர்த்துவைத்த காலம் அது. நிதி கொடுப்பதே துணிச்சலான அரசியல் செயலாயிருந்தது.

பிளாக் கேட்டால் அதுவரைகூடத் தாக்குப்பிடிக்க முடிந்திருக்கவில்லை. 1963 ஹாலோவீனுக்கு முந்தைய நாள் அதன் மது உரிமம் போயிற்று. சில மாதங்களில் மூடிவிட்டார்கள். சாரியா மேடையை இழந்தார். பிறகு பல ஆண்டுகள் உலகக் கண்காட்சிகளில் நண்பரோடு சேர்ந்து உணவகம் நடத்திப் பிழைத்தார். ராணுவத்தில் கைகொடுத்த சமையல்தான் சோறு போட்டது.

மேடை போன அந்தக் காலத்தில்தான் டேவர்ன் கில்டின் நடனவிழா ஒன்றில் அவருக்கு 'ராணி' பட்டம் சூட்டினார்கள். ராணியாக நான் எப்போதோ ஆகிவிட்டேனே, இனி நான் பேரரசி என்றார் அவர். முழுப்பட்டம், சான் பிரான்சிஸ்கோவின் பேரரசி முதலாம் ஹோசே, நார்ட்டனின் விதவை. பேரரசவை தன் வயதை 1965-இலிருந்து எண்ணுகிறது.

நார்ட்டன் யார் என்று தெரிந்தால்தான் இந்த நகைச்சுவை முழுதாகப் பிடிபடும். இங்கிலாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த ஜோஷுவா நார்ட்டன் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து வணிகம் செய்தவர். அரிசியில் சூதாடியதுபோல் முதலீடு செய்து, திவாலாகி, சில ஆண்டுகள் கண்ணில் படாமலிருந்து, 1859 செப்டம்பரில் நாளேடு ஒன்றில் தன்னை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேரரசராக அறிவித்துக்கொண்டார். ஊர் அவரைப் பைத்தியம் என்று விரட்டவில்லை. பழைய ராணுவ உடையில் தெருத்தெருவாக அவர் பார்வையிடுவதை ரசித்தது. அவர் பெயரில் அச்சடித்த நோட்டுகளைச் சில கடைகள் வாங்கிக்கொள்ளவும் செய்தன. 1880-இல் இறந்தார். பின்னாளில் அவருடைய கல்லறை அண்டை ஊரான கோல்மாவுக்கு மாறியது.

இறந்து எண்பத்தைந்து ஆண்டான ஒருவருக்கு விதவையாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சாரியா, ஒவ்வோர் ஆண்டும் கறுப்பு உடையில் பரிவாரத்தோடு கோல்மாவுக்குப் போய்க் கணவரின் கல்லறையில் மலர் வைத்தார். அபத்தம்தான். ஆனால் நார்ட்டன் கதையில் ஒரு பாடத்தை அவர் கண்டுகொண்டிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. பட்டம் போலி என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாரும் மதித்தால் அந்தப் போலிப் பட்டத்தை வைத்துக்கொண்டு நிஜமான காரியம் செய்யலாம். நார்ட்டனின் நோட்டுக்குக் கடையில் சாமான் கிடைத்தது. சாரியாவின் கிரீடத்துக்கு நன்கொடை கிடைத்தது.

எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நகரத்துப் பேரரசவையும் லாபநோக்கற்ற தனி அமைப்பு. ஆண்டுக்கொரு முறை பேரரசியையும் பேரரசரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சில ஊர்களில் உறுப்பினர் மட்டும், சில ஊர்களில் வருகிற எவரும் வாக்களிக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் பேரரசர் பதவி 1972-இல் வந்தது. இவர்களுக்குக் கீழே டியூக், டச்சஸ், இளவரசர் என்று பட்டங்கள் நீள்கின்றன. ஆட்சி ஓராண்டு. அந்த ஓராண்டும் பாரில், மண்டபத்தில், உணவகத்தில் நிகழ்ச்சி நடத்தித் தாங்கள் தேர்ந்த அறப்பணிகளுக்குப் பணம் திரட்ட வேண்டும். பாடுகிறவர் கையில் பார்வையாளர் ஒற்றை டாலர் நோட்டுகளாகத் திணிப்பது பழைய பார் வழக்கம். அந்த நோட்டுகள் கலைஞரின் பைக்குள் போகாமல் நேரே உண்டியலுக்குப் போகின்றன. ஆண்டு முடிவில் முடிசூட்டு விழா. அங்கே புதியவருக்குக் கிரீடம் மாறும். அண்டை நகரங்களின் அரசவைகளும் பயணச் செலவைத் தாங்களே ஏற்று வந்து வணங்கிச் செல்லும்.

ஓராண்டு என்ற இந்த வரம்பில்தான் அமைப்பின் சூட்சுமம் இருக்கிறது. அறக்கட்டளைகள் பலவற்றை ஒரே மனிதர் இருபது, முப்பது ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே பட்டத்தின் மதிப்பு அது திரட்டும் பணத்தைப் பொறுத்தது; போன ஆண்டின் பேரரசி எவ்வளவு சேர்த்தார் என்பது இந்த ஆண்டின் பேரரசிக்குச் சவால். வீண்பெருமையைப் பொதுநலனுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இது. கனடாவின் வான்கூவரில் 1971-இலேயே கிளை தொடங்கிவிட்டார்கள். நியூயார்க் அரசவை 'ஆயிரம் அங்கிகளின் இரவு' என்ற விழாவை நடத்திவருகிறது.

எல்லாரும் இதைப் போற்றவில்லை. நியூயார்க்கில் போலீஸ் சோதனையை எதிர்த்து வெடித்த 1969 ஸ்டோன்வால் கலவரத்துக்குப் பின் வந்த இளம் போராளிகளில் பலருக்குக் கிரீடமும் டச்சஸ் பட்டமும் பழைய அடிமை மனத்தின் எச்சமாகத் தெரிந்தன. பணக்கார விருந்துகளைக் கேலிசெய்யப் போய் அதையே நகலெடுக்கிறார்கள் என்ற விமர்சனமும் உண்டு. அங்கிக்கும் ஒப்பனைக்கும் பயணத்துக்கும் ஆகிற செலவைக் கலைஞர்களே சுமக்கிறார்கள். அந்தப் பணத்தை நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பதிலும் நியாயமிருக்கிறது. ஆனால் காசோலை எழுதும் பழக்கமில்லாத பார் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வாரம் ஐந்து டாலர் வாங்க வேறு வழி எது?

இதற்கு விடை 1980களில் வந்தது. எய்ட்ஸ் பரவத் தொடங்கியபோது அரசு மெத்தனமாக இருந்தது. நோயுற்றவர்களை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் வெளியேற்றினார்கள். புதிதாக அமைப்பு கட்டி, உறுப்பினர் சேர்த்து, நிதி திரட்டக் காலமில்லை. தெரிந்த ஜாமீன்காரரும், வாரந்தோறும் நிறையும் பாரும், கையில் உண்டியலோடு மேடையேறிப் பழகிய கலைஞர்களும் இருபது ஆண்டுகளாகத் தயாராக இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1982-இல் தொடங்கிய 'எய்ட்ஸ் எமர்ஜென்சி ஃபண்ட்' நோயாளிகளின் வாடகையையும் மின்கட்டணத்தையும் கட்டியது. அதே ஆண்டு, கன்னியாஸ்திரீ உடையில் நையாண்டி செய்யும் 'சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இண்டல்ஜென்ஸ்' குழுவினர் அந்நகரின் காஸ்ட்ரோ வட்டாரத்தில் நாய்க் கண்காட்சி வைத்து எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் பணம் திரட்டினார்கள். பாதுகாப்பான உறவு பற்றி ஒளிவுமறைவில்லாத, சிரிக்கவும் வைக்கிற துண்டுப்பிரசுரமும் வெளியிட்டார்கள். இவர்கள் பேரரசவையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் வேடம், கேலி, வசூல் என்ற மூன்றும் சேர்ந்த வழியைச் சாரியாவின் தலைமுறைதான் அந்த ஊருக்குப் பழக்கியிருந்தது.

பேரரசவை வளர்த்த கலைஞர்களில் போர்ட்லாண்ட் நகரின் டார்செல்லைச் சொல்லாமல் விட மனமில்லை. வால்டர் கோல் என்பது இயற்பெயர். முன்னாள் ராணுவ வீரர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவர். 1967-இல் ஒரு மதுக்கடையை விலைக்கு வாங்கி, அதையே டிராக் அரங்காக மாற்றினார். அவர் பெயரோடு ஒட்டிய 'பதினைந்தாம்' என்ற எண், அந்நகர அரசவையின் பதினைந்தாவது பேரரசி என்பதைக் குறிப்பது. 85 வயதில், உலகின் மிக மூத்த டிராக் கலைஞர் என்று 2016-இல் கின்னஸ் அவரைப் பதிவுசெய்தது. 92 வயதில், 2023-இல் இறக்கும்வரை அவர் மேடையை விடவில்லை. ஊரில் எந்த அறப்பணிக்கு நிதி தேவைப்பட்டாலும் முதலில் தட்டும் கதவாக அவருடைய அரங்கம் இருந்தது.

சாரியாவுக்கு அப்படியொரு சொந்த அரங்கம் வாய்க்கவில்லை, பெரிய செல்வமும் சேரவில்லை. 2006-இல் காஸ்ட்ரோ வட்டாரத்தில், ஹார்வி மில்க் பெயர் தாங்கிய நூலகக் கிளையின் முன்னால் தெருவின் ஒரு பகுதிக்கு நகரம் அவர் பெயரைச் சூட்டியது. மறு ஆண்டு பேரரசவைகளின் தலைமையை சான் டியேகோவின் நிகோல் மர்ரே ராமிரெஸிடம் ஒப்படைத்தார். 2013 ஆகஸ்ட் 19 அன்று நியூ மெக்சிகோவில் இறந்தார், 90 வயது. கிரேஸ் கதீட்ரலில் இறுதிச் சடங்கு. கோல்மாவில் நார்ட்டனுக்கு அருகே முன்கூட்டியே வாங்கிவைத்திருந்த இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பூனைச் சீட்டால் கேலிசெய்த 1863-ஆம் ஆண்டு உடைச் சட்டத்தை சான் பிரான்சிஸ்கோ 1974-இலேயே நீக்கிவிட்டிருந்தது.

நீங்கியது திரும்பி வராது என்பதற்கில்லை. 2023-இல் டென்னசி மாநிலம், சிறார் பார்க்கக்கூடிய இடங்களில் 'வயது வந்தோருக்கான' நிகழ்ச்சிகளைத் தடைசெய்து, ஆண் அல்லது பெண் வேடமிடும் கலைஞர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துச் சட்டமியற்றியது. அதை எதிர்த்து வழக்குப் போட்டது 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் ஜார்ஜஸ்' என்ற மெம்ஃபிஸ் நகர டிராக் நாடகக் குழு. அதுவும் அறப்பணிக்கு நிதி திரட்டுகிற லாபநோக்கற்ற அமைப்பே. அந்த ஆண்டு ஜூனில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்றார். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. சட்டம் சரியா தவறா என்பதற்குள் அது போகவில்லை. உங்கள் நிகழ்ச்சிகள் சிறாருக்குத் தீங்கானவை என்று நீங்களே சொல்லவில்லை, ஆகவே இந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதைக் காட்டவில்லை, வழக்காட உங்களுக்குத் தகுதியில்லை என்றது.